வெள்ளைக் கையுறைப் படத்தை நம்பி வரலாறு படிக்கப் போகலாமா?

உயர்தர முடிவுகள் வந்த கிழமை, உவர்மலையிலிருந்து ஓர் அப்பா மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இரண்டு வருடம் என்னிடம் வரலாறு படித்த பிள்ளை. கையில் பளபளப்பான ஒரு பிரசுரம்.

"ரீச்சர், இவள் சரித்திரம்தான் படிக்கப்போறாளாம். அதுவும் அமெரிக்காவில வேதக்காரர் நடத்துற யூனிவர்சிட்டியில. எங்கட கோயிலை இடிச்ச ஆக்களிட்டப் போய் என்னத்தப் படிக்கிறது?"

இடித்தவர்கள் போர்த்துக்கேயக் கத்தோலிக்கர், இது அமெரிக்கப் புரட்டஸ்தாந்தர் நடத்துவது, நடுவில் நானூறு வருடம் கிடக்கிறது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் திருகோணமலையில் இருக்கிற ஒருவருக்கு அந்தக் கேள்வி வரத்தான் செய்யும். கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் கொண்டுதான் 1624இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். அதே கோட்டை வாசலால்தான் இன்றைக்கும் கோயிலுக்குப் போகிறோம். இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. இடிபட்ட கோயிலைப் பற்றி எழுதி வைத்தவர்களில் முக்கியமான ஒருவர் குவேறோஸ் சுவாமியார், இயேசு சபைக் குரு. இடித்த பக்கத்து ஆட்களின் எழுத்தைத் தள்ளிவிட்டு அந்தக் கோயிலின் வரலாற்றை எழுத முடியாது.

சரி, பிரசுரத்துக்கு வருவோம். 'செய்து பார்த்துக் கற்கலாம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கீழே ஒரு படம்: வெள்ளைத் துணிக் கையுறை போட்ட மாணவி பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டுகிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் மெல்லிசு தெரியாது, நைந்துபோன ஓரம் துணியில் மாட்டிக் கிழியும். அதனால் பல சுவடிக் காப்பகங்களில் பழைய தாளைத் தொட முன் கையைக் கழுவி நன்றாக உலர்த்திவிட்டு வரத்தான் சொல்வார்கள். கையுறை புகைப்படங்களுக்கும் உலோகப் பொருட்களுக்கும்தான். ஒரு படத்தை வைத்து அந்த இடமே போலி என்று சொல்ல மாட்டேன். விளம்பரம் செய்தவர்களுக்கும் வகுப்பெடுப்பவர்களுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பார்க்க அது ஒரு காரணம்.

செய்து பார்த்துப் படிப்பது என்றால் என்னவென்று இந்தப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். கோட்டை வாசல் கல்லில் இரட்டைக் கயலோடு ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறதல்லவா? 'முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே' என்று நாம் பாடமாக்கிய பாட்டு. குளக்கோட்டன் என்பது அந்தக் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படுகிற அரசன். ஒருநாள் வகுப்பையே அங்கே கூட்டிக்கொண்டு போனேன். கல்லில் சோக் தேய்க்கக் கூடாது என்பது மட்டும்தான் என் கட்டளை. போனில் டோர்ச்சைப் போட்டு, நேரே அடிக்காமல் பக்கவாட்டில் சரித்துப் பிடிக்கச் சொன்னேன். தட்டையாகத் தெரிந்த கல்லில் நிழல் விழுந்து எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது. இவள் தெரிகிறதைத் தெரிகிறபடியே கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

"ரீச்சர், 'மு' இல்லை. பாட்டு முழுசாவும் இல்லை. மிச்சத்தை ஆர் எழுதினது?"

கல் உடைந்திருக்கிறது. கல்லில் மிஞ்சியது துண்டு துண்டான எழுத்து. பூனைக்கண், செங்கண் என்று நாம் ஒப்புவிக்கிற முழு வெண்பா வாய்வழியும் ஏட்டுவழியும் வந்தது. அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்குகிற இடம் எதுவோ, அங்கே வரலாறு படிக்கலாம். அதை எந்தச் சபை நடத்தினால் என்ன?

அப்பாவின் பயம் வேறு மாதிரியும் இருந்தது. வேதத்துக்கு ஒத்து வராத சான்று கிடைத்தால் மூடிவிடுவார்களோ? அவருக்கு ஒரு கதை சொன்னேன், உண்மைக் கதை. அமெரிக்காவின் மிச்சிகனில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் சபையின் அண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1968இல் சீக்ஃபிரீட் ஹோர்ன் என்ற பேராசிரியர் தலைமையில் யோர்தானுக்குப் போய், ஹெஸ்பான் மேட்டைத் தோண்டத் தொடங்கினார்கள். வேதாகமத்தில் வரும் சீகோன் ராஜாவின் தலைநகர் எஸ்போன் அங்கே கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. பல பருவங்கள் தோண்டினார்கள். கிடைத்த மிகப் பழைய குடியிருப்பே ஏறக்குறைய கி.மு. 1200ஐத் தாண்டிப் போகவில்லை. தேடிய காலத்து நகரத்தைக் காணோம். அதை அப்படியே அறிக்கையாகப் போட்டார்கள். பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டு, அந்த மேட்டில் மனிதர் காலங்காலமாக எதைச் சாப்பிட்டார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று ஆராயப் போனார்கள். எல்லாக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகமும் இப்படித்தான் என்று நான் உறுதி தர மாட்டேன். 'நீங்கள் நம்புவதற்கு மாறான சான்று வந்தபோது என்ன செய்தீர்கள்?' என்று கேட்டு எழுதுங்கள் என்றேன்.

இன்னும் சிலவற்றைக் கேட்டேயாக வேண்டும். சில இடங்களில் சப்பல் வழிபாட்டுக்கு வருவது கட்டாயம். சிலர் நடத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்தும் கேட்பார்கள். சைவப் பிள்ளைகள் இதைப் போன பிறகு அறிந்து சங்கடப்படுவதைக் கண்டிருக்கிறேன். அமெரிக்க மாணவர் விசாவில், முதல் கல்வியாண்டு முடியும் வரைக்கும் வளாகத்துக்கு வெளியே அருங்காட்சியகம் போன்ற இடங்களில் பயிற்சி வேலைக்குப் பொதுவாக அனுமதி கிடைக்காது. பிரசுரத்தில் காட்டுகிற பயிற்சி எந்த வருடத்தில், அதற்குப் புள்ளி உண்டா, யார் கூட நிற்பார்? திரும்பி வந்து அரச வேலைக்கு விண்ணப்பிக்கிற எண்ணம் இருந்தால், அந்தப் பட்டத்தை நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று காசு கட்ட முன்பே பார்க்க வேண்டும், கட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை.

கடல் தாண்டித்தான் போக வேண்டும் என்றில்லை. யாழ்ப்பாணம், பேராதனை, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் இருக்கின்றன. 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த, இயேசு சபையின் புனித வளனார் கல்லூரி இருக்கிறது. அதே சபையின் பெரிய ஆவணக் காப்பகம் கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில். ஆனால் வாய்மொழி வரலாறு போன்றவற்றை முறையாகப் பழகுவதற்கு வெளியே நல்ல இடங்கள் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். டெக்சாஸில் பப்டிஸ்ட் சபையினர் தொடங்கிய பேலர் பல்கலைக்கழகம் 1970இலிருந்து அதற்கென்றே ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட காலையை நினைவில் வைத்திருப்பவர்கள் இனி எத்தனை பேர்? பழகியவர்கள் வரும்வரை அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.

பிள்ளை மூன்று இடங்களுக்கு மின்னஞ்சல் போட்டாள். கையுறையையும் விடவில்லை, அதையும் கேட்டிருந்தாள். ஒரு பேராசிரியர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்: அந்தப் படம் விளம்பரப் பிரிவு எடுத்தது, எங்கள் வாசிப்பறையில் கை கழுவும் தொட்டிதான் இருக்கிறது, வந்து பார். இன்னோர் இடத்திலிருந்து பதிலே இல்லை. மூன்றாவது இடம் அதே பிரசுரத்தைத் திரும்ப அனுப்பியிருந்தது.