அம்மை இறங்கிய பிறகு உதிர்ந்த நகம்

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்துப் பாட்டி ஒருவர், முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்த காகிதத்தை என் மேசைமேல் வைத்தார். உள்ளே ஒரு குழந்தையின் கட்டைவிரல் நகம், முழுசாக.

"தானா உரிஞ்சி வந்துடுச்சு டாக்டரம்மா. ரத்தம்கூட வரல."

பேரனுக்கு மூன்று வயது. இன்னும் இரண்டு விரல்களில் நகம் அடிப்பக்கம் பிளந்து, கீழே புது நகம் எட்டிப் பார்த்தது. சத்துக் குறைச்சல் என்று கால்சியம் டானிக் ஒரு பாட்டில் காலி. படை என்று களிம்பும் தடவியாயிற்று.

"ஒன்றரை மாசம் முன்னாடி காய்ச்சல், கொப்புளம் எதுவும் இருந்துச்சா?"

"அம்மா வந்திருந்தாங்க. வேப்பிலை வெச்சு மூணு தண்ணி ஊத்தினோம். பின்பக்கமும் முட்டியும்தான் ரொம்ப."

அந்தக் கடைசி வரியில் விடை இருந்தது. சின்னம்மை மார்பிலும் முதுகிலும் தலையிலும்தான் அதிகம் போடும். பின்பக்கம், முட்டி, முழங்கை, வாயோரம் என்று கும்பலாகப் போட்டால் கை-கால்-வாய் நோயை நினைக்க வேண்டும். ஊரில் தக்காளிக் காய்ச்சல் என்பது பெரும்பாலும் இதைத்தான். தக்காளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ரசத்தை நிறுத்தாதீர்கள்.

உள்ளங்கை, உள்ளங்கால், வாய்ப்புண் என்று நாங்கள் படித்ததெல்லாம் இந்த நோயைத் தரும் காக்சாக்கி ஏ16 வைரஸின் லட்சணம். 2008-இல் பின்லாந்தில் கவனத்துக்கு வந்த ஏ6 வகை அந்த எல்லைக்குள் நிற்பதில்லை. பெரிய பெரிய நீர்க்கொப்புளம் வரும், கரப்பான் (எக்ஸிமா) உள்ள குழந்தைக்குக் கரப்பான் இருக்கும் இடமாகப் பார்த்துப் போடும், உள்ளங்கைத் தோல் உரியும். எல்லாம் ஆறி, வீட்டார் மறந்தே போன ஒன்றிரண்டு மாதத்தில் நகம் கழலும். நோயின்போது நகவேர் சில நாள் வளர்ச்சியை நிறுத்திவிடுவதுதான் காரணம். மருந்து வேண்டாம். பிடுங்காமல், துணியில் மாட்டுகிற நுனியை மட்டும் வெட்டிவிட்டால் போதும். சில மாதத்தில் புது நகம் முழுசாக வளர்ந்துவிடும்.

வேப்பிலை கட்டித் தனியாகப் படுக்க வைப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொப்புளம் ஆறிய பிறகும் பல வாரம் மலத்தில் வைரஸ் வெளியேறும் என்பதால், குழந்தைக்குக் கழுவிவிட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசருக்கு இந்த வைரஸ் அவ்வளவாக அடங்காது. குழந்தை சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலும், தூக்கத்தில் தூக்கிவாரிப் போட்டாலும், ஓயாமல் வாந்தி எடுத்தாலும், சிறுநீர் குறைந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

எனக்குக் கவலை வேறு. "அம்மைதான் வந்துபோச்சே" என்று சின்னம்மைத் தடுப்பூசியை விட்டுவிடுகிறார்கள். அரசு அட்டவணையில் இல்லாத ஊசி, கைக்காசு போட்டுத்தான் போட வேண்டும். விடுவதற்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும்.

பாட்டி நகத்தைத் திரும்ப மடித்தார். "அப்ப இவனுக்கு இன்னும் அம்மை வரலைன்னா சொல்றீங்க?"

"வரலைம்மா."