புகார் வந்தாலே கைதா?

பந்தலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக் களத்தில் காயவைத்த மிளகில் ஒரு மூட்டை காணவில்லை என்று வைத்துக்கொள்வோம். சந்தேகம் இருவர் மேல். ஒருவர் பக்கத்துத் தோட்டக்காரர். மற்றவர் ஜார்க்கண்டிலிருந்து வந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டில் தங்கித் தேயிலை பறிப்பவர். புகாரும் சட்டப்பிரிவும் ஒன்றே. இருந்தும் தோட்டக்காரர் மாலையே வீடு திரும்புவார், மற்றவருக்கு லாக்கப் என்றால் யாரும் வியக்கப்போவதில்லை.

திருட்டுக்குப் பொதுவாக 3 ஆண்டு வரை சிறை. 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் கைது கட்டாயமில்லை என்கிறது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு. மீண்டும் குற்றம் செய்வாரா, தடயத்தை அழிப்பாரா, சாட்சியை மிரட்டுவாரா, விசாரணைக்குக் கைது தேவையா, கோர்ட்டுக்கு ஒழுங்காக வருவாரா என்று அதிகாரி பார்க்க வேண்டும். கைது செய்தாலும் விட்டாலும் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் கைது செய்யும் அதிகாரி துறை நடவடிக்கைக்கு ஆளாவார் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது.

கோர்ட்டுக்கு வருவாரா என்ற அந்தக் கடைசிக் கேள்வியில்தான் லயன் வீட்டுக்காரர் மாட்டிக்கொள்கிறார். பட்டாக்காரர் நிலத்தை விட்டு எங்கே போவார்? இவரோ நாளைக் காலையே கூடலூரில் பஸ் ஏறிவிடலாம். இந்தக் கவலைக்காவது சட்டத்தில் இடமுண்டு. புகார்தாரரின் செல்வாக்கு, மேலிடத்துத் தொலைபேசி, தமிழ் தெரியாமல் விழிப்பவரின் மௌனத்தைத் திமிராக எடுத்துக்கொள்வது ஆகியவற்றுக்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை. முடிவை அசைப்பவை பல நேரம் அவைதான்.

ஆகவே காவல் நிலையத்துக்குப் போகும்போது ஆதார், ரேஷன் கார்டு, பி.எஃப். எண் உள்ள சம்பளச் சீட்டு என்று கையில் இருப்பதை எடுத்துச் செல்லுங்கள். 'ஓடிவிடுவார்' என்று எழுதவிருந்த பேனாவைச் சற்று நிறுத்த அவை உதவும். மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்வது அதைவிட நல்லது.

கைது வேண்டாம் என்று முடிவானால், ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தருவார்கள். சொன்ன நாளில் போய் ஒத்துழைப்பவரைப் பிறகு கைது செய்வதென்றாலும் காரணம் எழுத வேண்டும். போகாவிட்டால் கைதுக்கு நாமே வழிவிட்டதாகும். 3 ஆண்டுக்குக் குறைந்த தண்டனைக் குற்றத்தில் 60 வயது கடந்தவரையோ உடல் நலிந்தவரையோ கைது செய்ய டி.எஸ்.பி.யின் முன் அனுமதி வேண்டும்.

நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காகிதத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வக்கீலுக்குப் பணமில்லையென்றால் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள்.