ஓதம் ஏறும் உயரம்

திருநெல்வேலி டவுண், பாளையங்கோட்டை, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் விற்பனைக்கு வரும் பழைய வீடு பெரும்பாலும் புதுப் பெயிண்ட் வாசத்தோடுதான் வரும். தார்சா என்னும் முன்கட்டில் பட்டி பார்த்து வழுவழுவென்று வெள்ளை. பட்டாசல் என்னும் கூடத்தில் பளிச்சென்று டைல்ஸ். விவரம் தெரிந்தவர் இதையெல்லாம் பார்க்க மாட்டார். குனிந்து, முழங்கால் உயரத்தில் விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார். ஒட்டியிருக்கும் பூச்சு கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். உள்ளே விட்டுப்போன பூச்சு காலிப்பானை மாதிரி 'டொக்' என்னும். பேரம் அந்த இடத்தில்தான் இறங்கும்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் ஓதம், அதாவது சுவரில் ஊறி நிற்கும் ஈரம். பழைய வீட்டைப் புதுக்கி விற்க நினைப்பவர் செலவழிக்கும் பணத்தில் பெரும்பங்கு ஓதத்தை மறைக்கப் போகிறது. மறைக்க மறைக்க அது மேலே ஏறும் என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை.

அந்தக் காலத்துச் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி கனம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சில வீடுகளில் உள்ளே வெறும் களிமண் சாந்து. அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீரைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. மண்ணில் இருக்கும் ஈரத்தைச் செங்கல்லின் நுண்துளைகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் இழுக்கும். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும். 0.1 மில்லிமீட்டர் ஆரமுள்ள துளையில் தண்ணீர் சுமார் 15 சென்டிமீட்டர் ஏறும். 0.01 மில்லிமீட்டர் என்றால் ஒன்றரை மீட்டர். நிஜச் சுவரில் ஏறுகிற வழியிலேயே ஈரம் ஆவியாகிக்கொண்டும் இருப்பதால், கீழிருந்து ஏறும் வேகமும் பக்கவாட்டில் ஆவியாகும் வேகமும் சரிக்குச் சரியாகும் உயரத்தில் ஓதம் நின்றுவிடும். சுவரில் அலை அலையாகத் தெரியும் கோடு அந்த உயரம்தான்.

சுண்ணாம்புப் பூச்சு ஆவியை விடும். அதனால் பல வீடுகளில் ஓதம் முழங்காலுக்குக் கீழேயே நின்றிருக்கும். விற்கப்போகிற நேரத்தில் கொத்தனார் அதைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசுவார். மேலே பட்டி, அதற்கு மேல் எமல்ஷன். ஆவி போக வழியில்லை. ஏறும் தண்ணீர் குறையவுமில்லை. ஆகவே கோடு மேலே நகரும். முழங்காலில் இருந்தது இடுப்புக்கு வரும். பூசியவர் நாலு அடிக்குப் பூசியிருந்தால் ஐந்தாவது அடியில் பெயிண்ட் உப்பும். அடுத்த வீட்டுக்காரர் ஐந்தடிக்கு சிமெண்ட் பூசுவார்.

டைல்ஸும் இதே வேலையைத்தான் செய்கிறது. பழைய செங்கல் தளமும் சுண்ணாம்புத் தளமும் தரை முழுக்க ஈரத்தை மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருந்தன. அதன்மேல் விட்ரிஃபைடு டைல்ஸ் பதித்தால் பட்டாசலுக்கு அடியில் இருக்கும் ஈரம் முழுக்கச் சுவர் ஓரத்தைத் தேடிப் போகும். டைல்ஸ் போட்ட அடுத்த கார்த்திகையில் சுவர் பொரிந்தால் ராசியைக் குறை சொல்ல வேண்டாம்.

தண்ணீர் மட்டும் இவ்வளவு கெடுதல் செய்யாது. கெடுப்பது அதோடு வரும் உப்பு. மண்ணிலிருந்தும், பழைய தொழுவத்தின் கோமியத்திலிருந்தும், செங்கல்லிலிருந்தும், பூசிய சிமெண்டிலிருந்தும்கூட உப்பு கரைந்து வருகிறது. தண்ணீர் ஆவியாகும் இடத்தில் அது படிகமாகும். சுவரின் வெளிப்பரப்பில் ஆவியானால் வெள்ளைப் பஞ்சு போல் பூக்கும், விளக்குமாற்றால் தட்டிவிடலாம். பூச்சுக்குப் பின்னால் படிகமானால் ஆபத்து. சோடியம் சல்பேட் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு படிகமாகும்போது கன அளவு சுமார் நான்கு மடங்காகும். அந்த அழுத்தத்தில் பூச்சு பெயரும், செங்கல்லின் முகம் மாவாகும். விட்டுப்போன பூச்சை ஒரு சில்லு பெயர்த்துப் பின்பக்கம் பாருங்கள்: நகத்தால் சுரண்டினால் பொடி உப்பு போல் உதிரும். இன்னொன்று, சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே தண்ணீரை இழுத்துக் கரையும். மழைச் சாரலே படாத உள்சுவர் ஐப்பசியில் வியர்ப்பதற்கு இதுவும் காரணம்.

தாழையூத்து சிமெண்ட் ஆலை வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். 1949 முதல் அங்கே சிமெண்ட் ஆகும் சுண்ணாம்புக்கல்லும் காளவாசலில் வெந்து சுண்ணாம்பு ஆகும் கல்லும் ஒரே இனம். 900 டிகிரி சுமாரில் வேகவைத்தால் கல்லின் கரியமிலவாயு பிரிந்து போய் நீறாச் சுண்ணாம்பு மிஞ்சும். 100 கிலோ சுத்தமான கல்லுக்கு 56 கிலோ. களிமண்ணும் சேர்த்து 1450 டிகிரிக்குக் கொண்டுபோனால் சிமெண்ட். சிமெண்ட் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இறுகும். சுண்ணாம்போ போன கரியமிலவாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கி மறுபடி கல்லாகும். மேலிருந்து உள்ளே மெல்ல மெல்லத்தான் அது நடக்கும். அவசரக்காரருக்கு ஒத்துவராத பொருள்.

வேலை தொடங்குமுன் ஓதம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் துளிர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் என்றால் அறைக் காற்றிலிருந்து. அடுத்து டிரில்லால் தரையிலிருந்து 15, 50, 100, 150 சென்டிமீட்டர் உயரங்களில் துளையிட்டு, முதல் ஒரு சென்டிமீட்டர் தூளைத் தள்ளிவிட்டு மீதியைத் தனித்தனி டப்பாவில் மூடுங்கள். நிறுத்து, காயவைத்து, திரும்ப நிறுத்தால் எடைக் குறைவுதான் ஈரம். கீழே அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருந்தால் மண்ணிலிருந்து ஏறுவது. நடுவில் ஒரே இடத்தில் அதிகம் என்றால் குழாய் கசிகிறது. மேலே அதிகம் என்றால் தட்டட்டி, அதாவது மொட்டைமாடித் தளம், ஒழுகுகிறது. ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானியை முழுக்க நம்ப வேண்டாம். உப்பு இருந்தாலே அது ஈரம் என்று காட்டும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் புகுந்த வீடுகளில் பழைய தண்ணீர்க் கோடும் சேர்ந்து குழப்பும். வெள்ள ஈரம் வருஷத்துக்கு வருஷம் குறையும். ஏறும் ஓதம் ஒவ்வொரு மழைக்கும் திரும்ப வரும்.

தட்டட்டி பற்றி ஒரு வார்த்தை. ஒழுக்கை அடைக்கிறேன் என்று பழைய கட்டைத் தளத்தின்மேல் மூன்று அங்குலம் கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். 100 சதுர அடிக்கு அது ஒன்றரை டன்னுக்கு மேல். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் நுனி ஏற்கெனவே ஈரத்தில் உளுத்திருந்தால் அந்தப் பாரத்தில் வளையும். தளத்தின்மேல் பதித்த தட்டோட்டின் இடுக்குகளைச் சுரண்டி, சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்து திரும்ப அடைத்தாலே பெரும்பாலும் போதும். உத்திர நுனியில் ஸ்குரூ டிரைவர் அரை அங்குலம் சிரமமில்லாமல் இறங்கினால் ஆசாரியை அழையுங்கள்.

இனிச் சுவர். முதல் வேலை சுவரில் இல்லை, தெருவில். பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே ரோடு போட்டுப் போட்டு, திண்ணைப் படியில் பாதி தெருவுக்குள் போயிருக்கும். வெளிமண் வீட்டுத் தரையைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். அது முடியாத இடத்தில் சுவரை ஒட்டி ஒரு அடி அகலப் பள்ளம் எடுத்து, ஜல்லி நிரப்பி, தண்ணீர் சாக்கடைக்குப் போகும்படி வாட்டம் கொடுக்க வேண்டும். பள்ளம் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் சுவர் சாயும். துளையிட்டு ரசாயனம் ஏற்றும் முறை ஒரே சீரான செங்கல் சுவரில் நன்றாக வேலை செய்யும். உள்ளே கல்லும் மண்ணும் கொட்டி நிரப்பிய சுவரில் மருந்து எங்கே போகிறது என்று சொல்ல முடியாது.

பிறகு சிமெண்ட் பூச்சைக் கொத்துவது. ஓதக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை எடுத்துவிட வேண்டும். செங்கல் இடுக்குகளை அரை அங்குல ஆழம் சுரண்டி, உலர்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தட்டி, முறத்தில் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள் போகும்; பலரும் செய்யும் தப்பு இது.

அதன்பின் சும்மா இருப்பதுதான் வேலை. ஒரு அங்குல கனம் காய ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. பதினெட்டு அங்குலச் சுவர் என்றால் ஒன்றரை வருஷம். நம் வெயிலும் காற்றும் கொஞ்சம் குறைத்துத் தரும். மழை ஓய்ந்த தை மாதம் கொத்திப்போட்டால் சித்திரை வெயில் கிடைக்கும். பிறகு ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று, கயத்தாற்றில் காற்றாலை சுற்றும் அதே காற்று, சன்னலைத் திறந்துவிட்டால் இலவசமாய்ச் சுவரைக் காயவைக்கும். தென்காசிப் பக்கம் அந்த மாதங்களில் சாரல். அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

இந்தக் காத்திருப்பு வரிக்கும் பொருந்திப் போகிறது. வீடு வாங்கி 24 மாதத்துக்குள் விற்றால் லாபம் முழுக்க வருமானத்தோடு சேர்ந்து வரம்புக்கேற்ப வரி. அதற்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால ஆதாயம், 12.5 சதவீதம். இதையே தொழிலாகச் செய்பவருக்குக் கணக்கு வேறு. கொத்தனார் கூலி முதல் சுண்ணாம்பு வரை ரசீது இருந்தால்தான் மேம்பாட்டுச் செலவு என்று கழிக்கக் கேட்க முடியும்.

பூச்சுக்கான சுண்ணாம்பைச் சுவர் காய்ந்துகொண்டிருக்கும்போதே நீற்றிவிடுங்கள். தொட்டித் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட வேண்டும். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி மூன்று மாதம் ஊறட்டும். நீறாத துணுக்கு ஒன்று மிஞ்சினாலும் பூசிய பிறகு சுவருக்குள் பருத்து, அம்மைத் தழும்பு மாதிரிக் குழி விழும்.

கலவை, ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். தரையிலிருந்து மூன்று அடிவரை அரைப் பங்கு செங்கல் பொடியும் சேர்த்தால் ஈரத்திலும் இறுகும். 100 சதுர அடிக்கு 15 மில்லிமீட்டர் கனத்தில் பூச, இடுக்குகளுக்கும் சேர்த்து, ஆறு கன அடி மணலும் இரண்டு கன அடி சுண்ணாம்பும் பிடிக்கும். போர்வெல் உப்புத்தண்ணீரில் கலந்தால் வெளியேற்றிய உப்பைக் காசு கொடுத்துத் திரும்ப ஏற்றுகிறீர்கள். கருப்பட்டியும் கடுக்காயும் ஊறவைத்த தண்ணீர் கலவையைக் குழைவாக்கும். அளவுக்கு மிஞ்சினால் இறுகத் தாமதமாகும்.

முதல் பூச்சு 10 மில்லிமீட்டர். பத்து நாள் கழித்து, நகம் பதியாத கெட்டியில், அடுத்தது 5. இரண்டுக்கும் நனைத்த சாக்கு தொங்கவிட்டு நிழல் வேண்டும். காயவைத்த அதே காற்று இப்போது எதிரி. ஆடிக்காற்றில் திறந்துபோட்டால் சிலந்தி வலைபோல் விரிசல் விடும். புரட்டாசிக்குள் முடிப்பது நல்லது.

கடைசியில் வெள்ளை. நீர்த்த சுண்ணாம்பு மூன்று கை, ஒவ்வொன்றும் பால் போல் மெலிதாக, நனைத்த சுவரில். சாய்ந்தால் சட்டையில் ஒட்டுகிறது என்று வாங்க வருபவர் முகம் சுளிப்பார். ஒட்டுவது கெட்டியாக அடித்ததால்தான். இரண்டு கை மெலிதாக அடித்த சுவர் ஒரு கை கெட்டியாக அடித்த சுவரைவிடக் கையில் ஒட்டாது. அப்படியும் ஒப்பவில்லை என்றால் நாற்காலி உரசும் உயரத்துக்கு மட்டும் சிலிகேட் பெயிண்ட் அடிக்கலாம். அது ஆவியை விடும்.