பித்தளைப் பிள்ளையாரும் புளித்தண்ணீரும்

வியாழக்கிழமை இரவானால் எங்கள் வீட்டுச் சாமிமேடையிலிருந்து பிள்ளையார் இறங்கிவிடுவார். மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ் டவுனில் கடலுக்கு நாலு தெரு தள்ளி வீடு. லிட்டில் இந்தியாவில் அம்மா வாங்கிவந்த அன்று பொன்னாய் மின்னிய பித்தளை, சில வாரங்களிலேயே பழுப்பேறிவிட்டது. புளியைக் கரைத்து, கல்லுப்பு போட்டுத் தேய்ப்பார் அம்மா. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மினுக்கம் திரும்பும். அந்தக் கிண்ணத்துக்குள் நடப்பது புரிந்த பிறகு நான் தேய்க்கும் விதமே மாறிவிட்டது.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. பெரும்பாலும் செம்பு 60 முதல் 70 விழுக்காடு இருக்கும். மேற்பரப்புச் செம்பு காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆக்சைடு ஆவதுதான் அந்தப் பழுப்பு. கந்தக வாயு பட்டால் கருப்பு சல்பைடு. விளக்கடியில் பச்சையாய்ப் பிசுபிசுக்கும் களிம்பின் கதை வேறு. எண்ணெய் நாள்பட்டுக் கெடும்போது கொழுப்பு அமிலங்கள் பிரியும். அவை செம்போடு சேர்ந்து ஒருவகைச் சோப்பாகிவிடும். உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் சொல்லும் உவமை செம்பும் களிம்பும்தான்: களிம்பு இடையில் வந்து ஒட்டியதன்று, செம்போடு கூடவே இருப்பது. வேதியியலும் பாதி அதற்கு ஒத்துப்போகிறது. களிம்புக்குள் இருப்பது அந்தச் சிலையின் செம்பேதான்.

ஆகவே புளியின் டார்டாரிக் அமிலம் ஆக்சைடைக் கரைக்கும்போது, சிலையின் மெல்லிய தோல் ஒன்றும் தண்ணீரோடு போகிறது. ஒரு நிமிடத்தில் போவது மிகச் சொற்பம். நேரம் நீண்டால்தான் வினை. துத்தநாகம் செம்பைவிட எளிதில் கரைவது. அமிலத்தில் ஊறினால் முதலில் அதுதான் வெளியேறும், செம்பு மட்டும் தங்கும். ஒருமுறை இரவு முழுக்க ஊறவைத்துவிட்டேன். காலையில் பிள்ளையாரின் தொந்தியில் இளஞ்சிவப்புத் திட்டுகள். அவற்றைக் கறை என்று நினைத்து இன்னும் புளி போட்டது இரண்டாவது தவறு. போன துத்தநாகம் எந்தத் தேய்ப்பிலும் திரும்பாது.

உப்பைப் பற்றித்தான் பினாங்குக்காரர்கள் அதிகம் யோசிக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே ஈரம் இழுத்துக் கரைசலாகிவிடும். நம் ஊர் இரவுகளில் அது அன்றாடம். துதிக்கை மடிப்பில் தங்கிய ஒரு துளி உப்பும் புளியும் விடிய விடிய உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். கழுவிய மறுவாரமே மடிப்புகளில் பச்சை பூப்பது இதனால்தான்.

கையால் செதுக்கிய சிலை என்றால் இன்னொரு கவலையும் உண்டு. கண்ணும் நகமும் உளியின் மெல்லிய கீறல்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் பட்டால் ஆண்டுக்கு ஆண்டு அவை மழுங்கும். முகம் போய்விட்டால் பளபளப்பு இருந்து என்ன?

இப்போது எங்கள் வீட்டில் முதலில் சவர்க்காரமும் வெந்நீரும். எண்ணெய்ப் பிசுக்கின் மேல் அமிலம் வேலை செய்யாது. பிறகு உப்பில்லாத நீர்த்த புளி, மிருதுவான பல்துலக்கி, ஒரு நிமிடம், அவ்வளவுதான். குழாயடியில் நன்றாக அலசி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, சலித்த திருநீற்றால் மெல்லத் துடைப்போம். துணியின் நுனியைத் திரித்து, துதிக்கைக்கும் தொந்திக்கும் நடுவிலுள்ள ஈரத்தை எடுப்பது என் வேலை. விசிறிக்கு முன்னால் அரைமணி நேரம் இருந்துவிட்டுத்தான் பிள்ளையார் மேடை ஏறுவார்.