ஊட்டியின் பழைய சுவர்களுக்குச் சிமென்ட் ஏன் ஆகாது

ஊட்டியில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கியது 1822இல். இன்று நாம் சிமென்ட் என்று சொல்லும் போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை கிடைத்ததே 1824இல்தான். மெட்ராஸ் மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகராக இந்த ஊர் வளர்ந்த காலம், சுண்ணாம்புக் காரையின் காலம். ஆனால் அன்றைய கட்டடங்களில் விரிசல் விட்டால் இன்று முதலில் வந்து இறங்குவது சிமென்ட் மூட்டை. பழைய சுவருக்கு இதைவிடப் பெரிய கெடுதல் வேண்டியதில்லை.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறிவிடும். அதை மணலோடு அரைத்துப் பூசியதும், காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகவே இறுகும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரைய வைக்கும்.

இறுகிய காரை முழுக்க நுண்துளைகள். மலையில் இதுதான் முக்கியம். சுமார் 2,240 மீட்டர் உயரம், இரண்டு பருவமழை, இடையிடையே மூடுபனி. அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரத்தையும் கூரை இடுக்கில் இறங்கும் ஈரத்தையும் முழுக்கத் தடுக்க முடியாது. வெயில் அடித்ததும் அது வெளியேற வழி இருந்தால் போதும். சுண்ணாம்பு அந்த வழியைத் தருகிறது. அதன்மேல் சிமென்ட் பூசுவது, ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவைப்பது மாதிரிதான்.

சிமென்ட் ஒட்டுப் போட்ட ஒரு பழைய சுவரின் அடிப்பக்கத்தைக் குனிந்து பாருங்கள். ஒட்டுக்குச் சற்று மேலே ஓதம் ஒரு கோடாக ஏறியிருக்கும். அந்தக் கோட்டில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். கீழே வழியடைபட்ட ஈரம் மேலேறி அங்கேதான் ஆவியாகிறது. கரைந்து வந்த உப்பு செங்கல்லின் துளைகளுக்குள்ளேயே படிகமாகி வளர்ந்து, செங்கல்லை உள்ளிருந்து உடைக்கிறது. விரலால் தேய்த்தால் சிவப்புத் தூள் உதிரும். ஒட்டை முட்டியால் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் கேட்கும்.

இன்னொன்று, வலிமை. வெயிலிலும் இரவுக் குளிரிலும் சுவர் விரிந்து சுருங்கும். அப்போது காரை செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். சுண்ணாம்புக் காரை கொஞ்சம் வளைந்துகொடுக்கும். மயிரிழை விரிசல் விட்டாலும், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு அதில் படிந்து தானே அடைத்துக்கொள்வதுண்டு. சிமென்ட் வளையாது, செங்கல்தான் உடையும். காரையைச் சுரண்டி மறுபடி பூசலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செங்கல்லுக்கு எங்கே போவது?

மரமும் தப்பாது. 1829இல் அடிக்கல் நாட்டிய புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து உத்திரங்கள் வந்தன. இப்படிப்பட்ட கட்டடங்களில் நான் அதிகம் கவலைப்படுவது உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தைப் பற்றித்தான். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் அதை அரிக்கும் பூஞ்சைக்கு வழி திறக்கும். சுவர் ஈரம் காத்தால் முதலில் உளுப்பது பூச்சுக்குள் மறைந்திருக்கும் அந்த முனைதான்.

சரி, சுண்ணாம்பு வேலையை எப்போது செய்வது? ஆடி மழையில் கூடாது. துளைகளில் தண்ணீர் நிறைந்திருந்தால், காற்றில் நகர்வதைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவாகத்தான் கரியமில வாயு உள்ளே போகும், காரை இறுகாது. தை பிறந்து கோடைமழை வலுப்பதற்குள் செய்வது நல்லது. உறைபனி விழும் இரவுகளில் பூச்சைச் சாக்கால் மூடிவைக்க வேண்டும்.

சிமென்ட்டை உரித்தபின் சுவர் உலரவும் காலம் பிடிக்கும். ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தோராயக் கணக்கு. ஒன்றரை அடிச் சுவர் என்றால் ஓராண்டைத் தாண்டலாம். மே மாத மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் வருவதற்குள் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்று அதற்குள் எமல்ஷன் பெயிண்ட் அடித்தால், உரித்தெடுத்த சிமென்ட்டின் வேலையை அந்தப் பெயிண்ட் செய்யத் தொடங்கிவிடும். அவசரம் என்றால் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்; அதன் வழியாக ஈரம் வெளியேறும்.