குமிதேயில் தடுப்பு ஏன் பிந்துகிறது?

கராத்தேயில் இருவர் எதிரெதிரே நின்று மோதிப் பழகும் குமிதேயில் அடி வாங்கிய மாணவரிடம் "இன்னும் வேகமாகத் தடு" என்று சொல்லி அனுப்புவது பல வகுப்புகளில் வழக்கம். அதனால் பெரிய பயன் இருப்பதில்லை. ஓர் அசைவைக் கண்ணால் பார்த்து உடல் அசையத் தொடங்கவே சுமார் 0.2 விநாடி ஆகும். வருவது குத்தா உதையா என்று தெரிந்துகொள்ளவும் வேண்டுமென்றால் இன்னும் கூடும். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரின் கிசாமி சுகி, அதாவது முன்கைக் குத்து, அதற்குள் வந்துவிடும். அகே உகேயை, அதாவது கையை மேலே உயர்த்தித் தடுப்பதை, ஆயிரம் முறை செய்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மாற்ற முடிவது தூரத்தை. ஜப்பானியர் இதை மாஆய் என்பார்கள். எதிராளி ஓர் அடி எடுத்து வைத்தால்தான் எட்டும் என்ற தொலைவில் நின்றால், குத்துக்கு முன் அவர் கால் அசைந்தாக வேண்டும். முன் முழங்கால் மடங்கும், பின் குதிகால் எழும், தோள் லேசாகத் தூக்கும். முஷ்டியையே பார்ப்பவருக்கு இவை எதுவும் தெரியாது. பார்வை நெஞ்சின் மேற்பகுதியில் இருந்தால் கையும் காலும் ஓரக்கண்ணில் விழும்.

தடுத்துவிட்டுத் திருப்பி அடிப்பது கோ நோ சென். கிஹோன் இப்போன் குமிதேயில், அதாவது முன்கூட்டியே சொன்ன ஒரே தாக்குதலை எதிர்கொள்ளும் அடிப்படைப் பயிற்சியில், பழகுவது இதைத்தான். தடுப்பு, ஒரு மூச்சு, பிறகு குத்து என்று இரண்டு தாளமாகச் செய்வதுதான் இதில் அதிகம் காணும் பிழை. எதிராளியின் கை திரும்பி, கால் நிலைகொள்வதற்குள் கியாகு சுகி, அதாவது பின்கைக் குத்து, சேர வேண்டும். நேராகப் பின்னால் ஓடினால் அது எட்டாது. பாதி அடி பின்வாங்கி, ஏறத்தாழ 45 பாகை பக்கவாட்டில் விலகினால் எட்டும்.

அவர் பாய்ந்து வரும்போதே எதிர்கொண்டு அடிப்பது சென் நோ சென். எடை முன்காலுக்குப் போய்விட்டதால் அவரால் திசை மாற்ற முடியாது. இருவரும் முன்னால் வருவதால் மோதல் கடுமையாக இருக்கும். பல்காப்பும் கையுறையும் இல்லாமல், குத்தை நிறுத்தத் தெரியாத புதியவர்களுக்கு இதைக் கொடுப்பது பொறுப்பற்ற செயல்.

அடிக்கும் எண்ணம் எழுந்து உடல் கிளம்புவதற்குள் முந்துவது சென் சென் நோ சென். 'கராத்தேயில் முதல் தாக்குதல் இல்லை' என்ற, நவீன கராத்தேயின் தந்தை எனப்படும் ஃபுனாகோஷியின் கொள்கைக்கு இது முரண் இல்லையா என்று கேட்பார்கள். எதிராளியின் தாக்குதல் மனத்தில் தொடங்கிவிட்டது என்பதே வழக்கமான பதில். தெருச்சண்டை வழக்கில் இந்தப் பதில் எடுபடுமா என்பது வேறு விஷயம்.

தாக்குபவருக்கும் காலம் உண்டு. துள்ளிக்கொண்டிருப்பவரின் பாதம் தரையில் இறங்கும் கணம், மூச்சை உள்ளிழுக்கும் கணம், உதைத்த காலை மடக்கி இறக்கும் கணம். அஷி பராயில், அதாவது எதிராளியின் காலை வாரிவிடுவதில், இது பளிச்சென்று தெரியும். எடை இறங்கத் தொடங்கும்போது வாரினால் ஆள் சரிவார். முந்தினால் அவர் காலை வேறு இடத்தில் வைத்துக்கொள்வார். பிந்தினால் தூணை உதைத்த கதைதான், வலி உங்களுக்கு.

இச்சி, நி என்று எண்ணிக்கை சொல்லியே பழக்கினால் மாணவர் எதிராளியைப் பார்ப்பதை விட்டு ஆசிரியர் குரலுக்குக் காத்திருப்பார். எண்ணாமல் விடுங்கள். முதலில் நடு உடலுக்கு ஓய் சுகி, அதாவது ஓர் அடி முன்வைத்துக் குத்தும் குத்து, மட்டும், 10 முறை; எப்போது என்பது தாக்குபவர் விருப்பம். தடுப்பு நிலைத்த பிறகு மாய் கெரியையும், அதாவது முன்னோக்கிய உதையையும், சேர்த்து, இரண்டில் எது வரும் என்று சொல்லாமல் விடலாம். நெஞ்சுக்காப்பு அணிந்து, குத்து உண்மையாகவே எட்டும்படி வர வேண்டும். பயந்து ஒரு சாண் குறைத்துக் குத்தினால், தடுக்காமலே தப்பியவர் தடுத்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.