ஏற்காடு ஏறும் வண்டியை ஐந்து ரோட்டில் ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள்

சேலத்தில் என் கார் பட்டறைக்கு வருகிறவர்கள் புது வண்டி எடுக்கும் முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது வழக்கம். முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஏங்கண்ணா, லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" நான் திருப்பி மூன்று கேட்பேன். மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? வழக்கமாக எத்தனை பேர் உட்காருவீர்கள்? மலைக்கு எத்தனை தடவை ஏறும்? மூன்றுக்கும் யோசிக்காமல் பதில் சொல்கிறவர்கள் குறைவு. கலரையும் சன்ரூஃபையும் பற்றி வீட்டில் வாரக்கணக்கில் பேசியிருப்பார்கள், இதை மட்டும் பேசியிருக்க மாட்டார்கள். பத்து, பன்னிரண்டு லட்சம் போட்டு வருஷக்கணக்கில் தவணை கட்டப்போகிற பொருள் என்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நம் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சேலம் டவுன் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். இடையில் இருப்பது 30 கிலோமீட்டர் ரோடும் 20 கொண்டை ஊசி வளைவும். சொந்தக்காரர் வந்தால் ஏற்காடு, லீவு விட்டால் ஏற்காடு என்று போகிற ஊர் இது. தர்மபுரிப் பக்கம் போனால் தொப்பூர் கணவாய். ஆனால் ஷோரூமில் வண்டியைக் கொடுப்பது ஐந்து ரோட்டிலிருந்து சாரதா காலேஜ் ரோடு வரை ஒரு சுற்று. உள்ளே நீங்களும் விற்பனைப் பையனும் மட்டும். அந்தச் சுற்றில் எந்த வண்டியும் நன்றாகத்தான் இழுக்கும்.

இப்போது எல்லோரும் கேட்பது நெக்ஸான், பிரெஸ்ஸா, வென்யூ, சோனெட், எக்ஸ்யுவி 3எக்ஸ்ஓ, ஃபிராங்க்ஸ், மேக்னைட் வகை வண்டிகள். எல்லாமே 4 மீட்டருக்குள் நீளம். அதற்குக் காரணம் வரி. 4 மீட்டருக்குள் நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் எஞ்சினும் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம். இதில் ஒன்று மீறினாலும் 40 சதவீதம். பிரெஸ்ஸா நீளத்தில் 3,995 மில்லிமீட்டர்தான், ஆனால் எஞ்சின் 1,462 சிசி. அதனால் அது 40 சதவீதத்தில் வருகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: தமிழ்நாட்டில் ஆயுள் வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. விலை 9.9 லட்சம் என்றால் வரி 1,28,700 ரூபாய். 10.1 லட்சம் என்றால் 1,81,800. ஒரு கேமராவுக்கும் அலாய் வீலுக்கும் ஆசைப்பட்டு அடுத்த வேரியன்ட்டுக்குத் தாவும்போது இந்த 53,000 ரூபாயையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சரி, எஞ்சினுக்கு வருவோம். பிஎஸ், அதாவது குதிரைசக்தி எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். மலை ஏற முக்கியம் டார்க், அதாவது எஞ்சினின் திருப்புவிசை. அந்த டார்க் எத்தனை ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது) கிடைக்கிறது என்பது அதைவிட முக்கியம். டர்போ (காற்றழுத்தி) இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் கிடைப்பது 114 நியூட்டன் மீட்டர் அளவு, அதுவும் 4,000 ஆர்பிஎம் பக்கத்தில். வென்யூ, சோனெட்டின் 1.0 டர்போவில் 172, 1,500 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். அதே வண்டிகளின் 1.5 டீசலில் 250. அஞ்சு பேரும் அரிசி மூட்டையும் ஏற்றி, ஏசி போட்டுக்கொண்டு வளைவில் இரண்டாவது கியரில் திரும்பும்போது இந்த மூன்று எஞ்சினும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். 114 வண்டி முக்கி நிற்கும், முதல் கியருக்கு இறங்க வேண்டிவரும். டீசல் அலட்டிக்கொள்ளாமல் ஏறும்.

உயரமும் ஒரு கணக்கு. மேலே போகப் போகக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குத் தோராயமாகப் பத்து சதவீதம் சக்தியை இழக்கும். ஏற்காடு ஏரிக்கரையில் உங்கள் 83 பிஎஸ் எஞ்சின் ஏறக்குறைய 70 பிஎஸ் எஞ்சின்தான். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பு அதில் பெரிதாகத் தெரியாது. அதற்காக டர்போ இல்லாத வண்டியே கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு பேர், டவுனுக்குள் ஓட்டம், வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை மலை என்றால் 1.2 தாராளமாகப் போதும். பராமரிப்பும் சுலபம். நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருந்து வாரா வாரம் ஏறி இறங்குகிறவர்கள் அதை வாங்கக் கூடாது. டர்போ எடுத்தவர்கள் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள்: 1,500 ஆர்பிஎம்முக்குக் கீழே விட்டால் சின்ன டர்போ எஞ்சினில் இழுவை செத்துப்போகும். கியரை வளைவுக்கு முன்னாலேயே இறக்கிவிட வேண்டும், வளைவுக்குள் போய் இறக்கக் கூடாது.

கியர்பாக்ஸில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். "ஆட்டோமேட்டிக்" என்று ஒரே பெயரில் விற்கிறார்கள், உள்ளே இருப்பது வேறு வேறு. ஏஎம்டி என்பது மேனுவல் கியர்பாக்ஸைத்தான் இயந்திரம் மாற்றிவிடுவது. விலை குறைவு, மைலேஜும் நல்லது, ஆனால் ஏற்றத்தில் எந்தக் கியர் என்று தடுமாறும். மலையில் மேனுவல் மோடுக்கு மாற்றி நீங்களே கியர் போட வேண்டும். டிசிடியில் இரண்டு கிளட்ச், மின்னல் வேகம். அதில் உலர் கிளட்ச் (எண்ணெயில் நனையாத கிளட்ச்) வகை இருந்தால் மே மாசக் கோடை விழா நெரிசலை நினைத்துப் பாருங்கள்.

அம்மாப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் அந்த நெரிசலில் குடும்பத்தோடு போனார். வரிசை ஊர்ந்து ஊர்ந்து நகர, பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியை ஏற்றத்தில் நிறுத்தியிருக்கிறார். கிளட்ச் பாதி பிடித்தபடி உரசிக்கொண்டே இருந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி நின்றுவிட்டது. என்னிடம் வந்தபோதும் கருகல் வாடை போகவில்லை. யாரும் அவருக்கு இதைச் சொல்லித் தரவில்லை என்பதுதான் என் வருத்தம். டெலிவரி நாளில் மாலை போட்டுப் படம் எடுக்கும் நேரத்தில் அஞ்சு நிமிஷம் ஒதுக்கினால் சொல்லிவிடலாம்: ஏற்றத்தில் நிற்பதென்றால் பிரேக்கில் நில்லுங்கள்.

டார்க் கன்வெர்ட்டர் வகைதான் மலைக்கு நான் பரிந்துரைப்பது. அதில் எஞ்சினின் விசை கிளம்பும்போது எண்ணெய் வழியாகக் கடத்தப்படுவதால் ஊர்ந்து போகிற ஏற்றத்தைத் தாங்கும். பிரெஸ்ஸா, 3எக்ஸ்ஓ பெட்ரோல், ஃபிராங்க்ஸ் டர்போ, சோனெட் டீசல் ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக் இந்த வகை. மைலேஜ் கொஞ்சம் குறையும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஏறுவதைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம், இறங்குவதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. திங்கட்கிழமை காலையில் பட்டறைக்கு வரும் பிரேக் புகார்களில் நிறைய ஞாயிறு ஏற்காடு போய் வந்தவைதான். சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் பேடின் முகம் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும், டிஸ்க் ஓரத்தில் நீலம் பாய்ந்திருக்கும். மேலிருந்து அடிவாரம் வரை பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கியதன் அடையாளம் அது. கேட்டால், "நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்னு சொன்னாங்க" என்பார்கள்.

இதைத் தயவுசெய்து நம்பாதீர்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் முழுதாக நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் நிற்காமல் ஓடுவதற்கு எரிபொருள் போய்க்கொண்டே இருக்கும். ஆக, மிச்சமும் இல்லை, எஞ்சின் பிடிப்பும் இல்லை. மொத்தப் பாரமும் பிரேக் தலையில். ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் திரவம். புதிய டாட் 4 ஆயில் கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்தத் தரத்தின் வரம்பே 155 டிகிரிதான். கொதித்துவிட்டால் பெடல் பஞ்சாய்த் தரை வரை போகும். பதினெட்டாவது வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சொகுசு என்றால் பெரிய திரை, வண்ண விளக்கு என்று ஆகிவிட்டது. பின் சீட்டில் உட்காருகிறவரைக் கேளுங்கள். தொடைக்கு அடியில் தாங்கல் இருக்கிறதா, ஜன்னல் வழியாக வெளியே பார்க்க முடிகிறதா, முழங்கால் இடிக்கிறதா? ஜன்னல் கோடு உயர்ந்து ஸ்டைலாக இருக்கும் வண்டிகளில் பிள்ளைகளுக்கு ரோடே தெரியாது. வெளியே பார்க்காமல் வளைந்து வளைந்து போனால் வாந்தி வரத்தான் செய்யும். உயரமான வண்டி வளைவில் சாய்வதும் சேர்ந்துகொள்ளும். டயரையும் பாருங்கள். 215/60 ஆர்16 டயரின் பக்கச் சுவர் 129 மில்லிமீட்டர், 215/55 ஆர்17 என்றால் 118. பார்வைக்கு 17 அழகு. ஆனால் சாக்கடை தோண்டி மூடிய நம் தெருக்களில் இடுப்பு வலி உள்ளவர்களுக்கு அந்த 11 மில்லிமீட்டர் ரப்பர் பெரிய உதவி. சன்ரூஃப் சேலத்து வெயிலுக்கு அவசியமில்லை என்பது என் கருத்து.

இனி மைலேஜ். புத்தகத்தில் போட்டிருக்கும் எண் ஆய்வகத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்தது. அதில் ஏற்றமே இல்லை. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு எரிசக்தி குறைவு என்பதால், 20 சதவீதம் கலந்த இ20-இல் ஆறேழு சதவீதம் அங்கேயே போகிறது. மலைக்கு ஒரு தனிக் கணக்கு: ஆளும் சாமானும் சேர்த்து 1,500 கிலோ வண்டியை 1,200 மீட்டர் தூக்குவதற்கு மட்டுமே ஏறக்குறைய 2 லிட்டர் பெட்ரோல் செலவாகும். 30 கிலோமீட்டர் ஓட்டத்தின் செலவு அதற்கு மேல். ஏறி முடித்ததும் திரையில் லிட்டருக்கு 8 என்று காட்டினால் வண்டியில் குறை என்று ஓடி வராதீர்கள்.

டீசலா பெட்ரோலா? பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் வண்டி 14, டீசல் 19 தருகிறது, டீசலின் ஆன்ரோடு விலை 1.4 லட்சம் அதிகம் என்றும் வைப்போம். வருஷம் 10,000 கிலோமீட்டர் ஓடினால் எரிபொருளில் மிச்சமாவது 23,000 ரூபாய் சொச்சம். கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப ஆறு வருஷம் ஆகும். 24,000 கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இரண்டரை வருஷத்தில் திரும்பிவிடும். உங்கள் பழைய வண்டியின் சர்வீஸ் சீட்டுகளில் கிலோமீட்டர் எழுதியிருக்கும். அதை எடுத்து வைத்து இந்தக் கணக்கைப் போடுங்கள், மனசில் இருக்கும் எண்ணை வைத்துப் போடாதீர்கள்.

டீசலில் இன்னொரு எச்சரிக்கை. 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை எரித்துச் சுத்தம் செய்ய அதற்குச் சூடு வேண்டும், அதாவது நிற்காமல் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். அஸ்தம்பட்டியிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து கடை, கடையிலிருந்து வீடு என்று ஓட்டுகிறவருக்கு அந்தச் சூடு கிடைக்காது. விளக்கு எரியும்போது ஓமலூர் வரை பைபாஸில் சீராக ஒரு ஓட்டம் விட்டால் பெரும்பாலும் சரியாகும். கண்டுகொள்ளாமல் விட்டவர்கள்தான் பெரிய பில்லோடு நிற்கிறார்கள். டவுன் ஓட்டத்துக்கு மட்டும் என்றால் டீசல் வேண்டாம். சிஎன்ஜி (அழுத்திய எரிவாயு) செலவில் மலிவு, ஆனால் ஏற்றத்தில் இழுவை குறையும், பல வண்டிகளில் டிக்கியில் பாதி இடம் போகும், மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனை கட்டாயம். மலை அதிகம் என்றால் அதையும் தவிர்ப்பது நல்லது.

முன்பணம் கட்டும் முன் ஷோரூமில் ஒன்றை வற்புறுத்திக் கேளுங்கள்: "கோரிமேடு தாண்டி அடிவாரத்துக்கு மேல நாலு வளைவு ஏறிப் பார்க்கணும்." நிஜமாக வாங்க வந்தவர் என்று தெரிந்தால் ஒத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ் வைத்திருக்கும் சொந்தக்காரர் வண்டியில் ஏறுங்கள். வார நாளில் காலையில் போங்கள். ஏசி ஓடட்டும், சீட் எல்லாம் நிரம்பட்டும். வளைவு இல்லாத அகலமான ஏற்றத்தில் ஓரமாக நிறுத்திக் கிளப்புங்கள், பின்னால் உருளுகிறதா என்று பாருங்கள். திரும்பும்போது இரண்டாவது கியரில் காலை எடுத்துவிட்டு எஞ்சின் எவ்வளவு பிடித்து இறக்குகிறது என்று கவனியுங்கள். அம்மாவையோ அப்பாவையோ பின் சீட்டில் கூட்டிப் போங்கள். அடிவாரத்தில் டீ குடிக்க இறங்கியதும் இடுப்பு எப்படி இருக்கிறது, தலை சுற்றியதா என்று கேட்டுவிட்டு அப்புறம் புக்கிங் போடுங்கள்.